மகிழுந்தின் வெளிப்புற அலங்காரத் துணைப்பொருட்கள்

மகிழுந்தின் வெளிப்புறத் துணைப்பொருட்கள் என்பவை, கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பிறகு, அதன் தோற்றத்தை மேம்படுத்தவோ உடற்பகுதியைக் கீறல், சேறு முதலியவற்றிலிருந்து காக்கவோ உரிமையாளர் தனியாக வாங்கிப் பொருத்தும் பொருட்கள் ஆகும். அலாய் வீல், டோர் வைசர், சைடு பீடிங், ஸ்பாய்லர், ரூஃப் ரெயில், குரோம் பட்டை, சன் ஃபிலிம், பம்பர் கார்டு, கூடுதல் விளக்கு, ஸ்டிக்கர், வினைல் ரேப் ஆகியவை இவற்றுள் பரவலாக வாங்கப்படுபவை.

காரின் வெளிப்புறத்தில் அழகுக்காக மட்டும் அமைந்த பகுதிகள் குறைவு. முன்பகுதி மோதலின் வேகத்தை உள்வாங்குகிறது. கண்ணாடி ஓட்டுநருக்குச் சாலையைக் காட்டுகிறது. விளக்கு மற்றவர்களுக்குக் காரைக் காட்டுகிறது. டயர் பிரேக்கின் பிடிப்பைத் தரைக்குக் கொண்டு செல்கிறது. பெயின்ட் இரும்புத் தகட்டைத் துருவிலிருந்து காக்கிறது. எனவே ஒரு துணைப்பொருளை வாங்கும் முன், அது ஒட்டப்படும் அல்லது திருகப்படும் பகுதி என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். அந்த வேலைக்கு இடையூறு இல்லாத அலங்காரம் பாதுகாப்பானது. இந்தியாவில் சட்டம் தடுப்பவற்றுள் பெரும்பாலானவை அவ்வேலைக்கு இடையூறாக இருப்பவையே. இக்கட்டுரை இந்தியச் சாலைகளையும் இந்திய மோட்டார் வாகன விதிகளையும் அடிப்படையாகக் கொண்டு இப்பொருட்களை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்கள் ஓடிய காலத்தில் துணைப்பொருட்கள் பெரும்பாலும் தேவையை ஒட்டியே வாங்கப்பட்டன. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டுமே பின்நோக்குக் கண்ணாடி இருந்தது. இடப்பக்கக் கண்ணாடியைக் கடையில் வாங்கிப் பொருத்தினர். மட் ஃபிளாப், வீல் கப் போன்றவையும் அவ்வாறே வாங்கப்பட்டன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு கார் வைத்திருப்போர் எண்ணிக்கை பெருகியது. ஒரே மாதிரியான கார்கள் தெருவெங்கும் ஓடத் தொடங்கியபோது, தம் காரை வேறுபடுத்திக் காட்டும் விருப்பமும் வளர்ந்தது.

இன்று இப்பொருட்கள் இரு வழிகளில் கிடைக்கின்றன. கார் நிறுவனமே தன் விற்பனையகத்தின் மூலம் விற்கும் அசல் துணைப்பொருட்கள் ஒரு வகை. இவை குறிப்பிட்ட மாடலின் அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன, விலை கூடுதல். வெளிச்சந்தையில் பிற தயாரிப்பாளர்கள் விற்பவை மற்றொரு வகை. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இவ்வகைக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. வெளிச்சந்தைப் பொருட்கள் விலை குறைந்தவை, வகைகளும் மிகுதி. ஆனால் தரம் கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் மாறுபடும்.

எளிய துணைப்பொருட்கள்

டோர் வைசர், சைடு பீடிங், கதவுக் கைப்பிடிக்கான குரோம் உறை, கதவு விளிம்புக் காப்பு, மட் ஃபிளாப் ஆகியவை காரின் இயக்கத்தில் குறுக்கிடாதவை. டோர் வைசர் மழைநேரத்தில் கண்ணாடியைச் சிறிது இறக்கிக் காற்று வாங்க உதவும். சைடு பீடிங், நெருக்கமாக நிறுத்தப்பட்ட பக்கத்து வண்டியின் கதவு இடித்துப் பள்ளமாவதைத் தடுக்கும். மட் ஃபிளாப், டயர் வாரியிறைக்கும் சேறும் சிறுகற்களும் காரின் பக்கவாட்டில் அடிப்பதைக் குறைக்கும். பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கும் அது நன்மையே.

குரோம் பட்டைகளில் பெரும்பாலானவை முழு உலோகம் அல்ல. ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு உடையவை. வெயிலிலும் கடற்காற்றிலும் மலிவான பூச்சு உரிந்து, கீழேயுள்ள பிளாஸ்டிக் தெரியும். கடலோர ஊர்களில் இருப்போர் குரோமுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையையோ கறுப்புப் பட்டையையோ தேர்வது நல்லது.

பின்பக்க ஸ்பாய்லர் பந்தயக் கார்களில், காற்றின் ஓட்டத்தை மாற்றிப் பின் டயர்களைத் தரையோடு அழுத்திவைக்கப் பயன்படுகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருக்கும் விசை 120 கி.மீ. வேகத்தில் 9 மடங்காகும். நகரப் போக்குவரத்தின் வேகத்தில் ஸ்பாய்லரால் உணரத்தக்க பயன் இல்லை. அங்கு அது அலங்காரம் மட்டுமே. ரூஃப் ரெயிலிலும் இரு வகை உண்டு. சுமை தாங்கும் வகை கூரையின் உலோகத்தோடு போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். ஒட்டு வகை வெறும் தோற்றத்துக்கானது. ஒட்டு ரெயிலில் பெட்டியைக் கட்டினால், ஓடும்போது அது பெயர்ந்து பின்னால் வரும் வாகனத்தின் மேல் விழக்கூடும். கடையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கேட்டு அறிந்து வாங்க வேண்டும்.

அலாய் வீலும் டயரும்

காரின் தோற்றத்தை உடனே மாற்றுவது சக்கரம். இரும்புச் சக்கரத்துக்குப் பதில் அலுமினியக் கலவையால் ஆன அலாய் வீல் பொருத்துவது பரவலான வழக்கம். இதில் மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது போல்ட் வட்டம்: 4×100 என்றால் நான்கு போல்ட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன என்று பொருள். இரண்டாவது, சக்கரத்தின் நடுத்துளை. இது காரின் ஹப்பில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். மூன்றாவது ஆஃப்செட், அதாவது சக்கரம் ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்னும் அளவு. ஆஃப்செட் தவறினால் டயர் மட்கார்டில் உரசும். வீல் பேரிங்கில் பளு கூடும்.

அலாய் வீலோடு ரிம்மின் அளவையும் கூட்டுவோர், டயரின் மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எளிய கணக்கால் அறியலாம். 165/80 ஆர்14 என்னும் டயரில் 165 என்பது மி.மீ. அளவில் டயரின் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பக்கச்சுவர்: 165 × 0.80 = 132 மி.மீ.
ரிம்: 14 × 25.4 = 355.6 மி.மீ.
மொத்த விட்டம்: 355.6 + (2 × 132) = 619.6 மி.மீ.

இதே முறையில் 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. என வரும். ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் மொத்த விட்டத்தில் வேறுபாடு 2 மி.மீ. அளவே. இம்மாற்றம் ஏற்கத்தக்கது. ஆனால் அதே 15 அங்குல ரிம்மில் 205/65 டயரைப் போட்டால் விட்டம் 647.5 மி.மீ. ஆகும், அதாவது 4.5 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுழற்சிக்குக் கடக்கும் தூரம் கூடும். அது முன்பு சரியாகக் காட்டிய காராக இருந்தால், முள் 80 என்று காட்டும்போது கார் ஏறத்தாழ 83.6 கி.மீ. வேகத்தில் ஓடும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோவும், 88 என்றால் 560 கிலோவும் தாங்கும். புதிய டயரின் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. பக்கச்சுவர் மிகக் குட்டையான டயர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் காற்றின் உயரம் குறைவு என்பதால் ரிம் வளைய அல்லது விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

கண்ணாடி ஃபிலிம்

வெயிலைக் குறைக்கவும் கார் கறுப்புக் கண்ணாடியோடு தோன்றவும் சன் ஃபிலிம் ஒட்டப்படுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆம் விதிப்படி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில், கண்ணாடியின் மேல் எந்த ஒளி அளவுடைய கறுப்பு ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 100-ஆம் விதி திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும் 2021 ஏப்ரல் முதல் அதில் இடம்பெற்றது. இத்திருத்தத்தைச் சுட்டி, 70, 50 விழுக்காடு என்னும் அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக்கூடாது என 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அந்த அளவை மீறிய கருமையான ஃபிலிம் எங்கும் குற்றமே.

இங்கு பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. 50 விழுக்காடு ஒளி விடும் ஃபிலிமை ஒட்டினால் விதிக்கு உட்பட்டுவிடும் என்று நினைப்பது தவறு. ஏனெனில் காரின் கண்ணாடியே ஒரு பகுதி ஒளியைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடி 75 விழுக்காடு விடுகிறது, ஃபிலிம் 50 விழுக்காடு விடுகிறது என்றால், உள்ளே வருவது 0.75 × 0.50 = 0.375, அதாவது 37.5 விழுக்காடு மட்டுமே. அதே கண்ணாடியில் 70 விழுக்காடு ஃபிலிம் ஒட்டினால் 52.5 விழுக்காடு கிடைக்கும். இது பக்கக் கண்ணாடிக்குப் போதும், முன் கண்ணாடிக்குப் போதாது. இரவில் விளக்கு இல்லாத சாலையைக் கடக்கும் ஒருவரைப் பார்ப்பதற்கு ஓட்டுநருக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. அதில் பாதியைத் தடுப்பது அழகுக்குக் கொடுக்கும் பெரிய விலை.

முன்பக்கக் கம்பி

பம்பருக்கு முன்னால் தடித்த இரும்புக் குழாயைப் பொருத்துவதை பம்பர் கார்டு, க்ராஷ் கார்டு, புல் பார் என்று பல பெயர்களில் அழைக்கிறார்கள். கங்காரு போன்ற பெரிய விலங்குகள் மோதும் ஆபத்துள்ள ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் இதன் பயன்பாடு பரவலாயிற்று. நம் ஊரில் இது கம்பீரமான தோற்றத்துக்காகவும், சிறு உரசல்களில் பம்பர் உடையாமல் இருக்கவும் வாங்கப்படுகிறது. துணைப்பொருட்களில் உயிருக்கு நேரடியாக ஆபத்து விளைவிக்கக்கூடியது இது.

காரின் முன்பகுதி மோதலில் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. இக்கருத்தை உருவாக்கியவர் மெர்சிடிஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பாரெனி. முன்பகுதி நசுங்கும் தூரம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு உள்ளே இருப்போர் மீதான விசை குறையும். மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். அவ்வேகத்தில் வந்து மோதும் கார் 60 செ.மீ. நசுங்கி நின்றால், அதன் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 16 மடங்கு. 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது சுமார் 33 மடங்கு. சட்டகத்தோடு போல்ட் செய்யப்பட்ட விறைப்பான கம்பி, நசுங்க வேண்டிய பகுதியைத் தவிர்த்துவிட்டு மோதலின் விசையை நேராகச் சட்டகத்துக்கு அனுப்பக்கூடும்.

இரண்டாவது சிக்கல் காற்றுப்பை. மோதலில் கார் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை உணர்விகள் அளக்கின்றன. காற்றுப்பையை விரிக்க வேண்டுமா என்பது ஒரு வினாடியின் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் முடிவாகிறது. இந்த அளவுகள் கம்பி இல்லாத காரை மோதிப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டவை. கம்பி குறுக்கே வந்தால் காற்றுப்பை தாமதமாகவோ தேவையற்ற நேரத்திலோ விரியலாம், விரியாமலும் போகலாம். மூன்றாவது, காருக்கு வெளியே இருப்பவர். பம்பரும் பானெட்டும் ஓரளவு நெகிழ்ந்துகொடுக்கும். இரும்புக் குழாய் நெகிழாது. பாதசாரியின் தொடையிலோ, சிறு குழந்தையானால் தலையிலோ அது நேராக இடிக்கும்.

இக்காரணங்களால் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்றும், அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பின்பக்கக் கம்பியிலும் கவனம் தேவை. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் பின்பக்கப் பார்க்கிங் உணர்வி கட்டாயம். அதை மறைக்கும் எப்பொருளும் தவறான எச்சரிக்கை ஒலிக்கு அல்லது எச்சரிக்கையே இல்லாமைக்குக் காரணமாகும்.

விளக்குகள்

சாதாரண முகப்பு விளக்கின் பிரதிபலிப்பான், ஆலஜன் பல்பின் இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. அதில் எல்இடி பல்பை மாட்டும்போது ஒளி பிறக்கும் இடம் மாறினால், ஒளிக்கற்றை சிதறி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டுநருக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றினாலும் தொலைவில் விழும் ஒளி குறையலாம். ஆகவே பல்பை மட்டும் மாற்றாமல், அந்த மாடலுக்கென ஒப்புதல் பெற்ற முழு விளக்கை மாற்றுவதே முறை. விதிகளின்படி காரின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. நீலம், சிவப்பு நிறங்களில் மின்னும் அலங்கார விளக்குகள் ஆம்புலன்ஸ், காவல் வாகனம் என்று பிறரை மயங்கச் செய்யும். பின்விளக்கின் மேல் ஒட்டப்படும் கறுப்பு ஃபிலிம், பிரேக் பிடிப்பதைப் பின்னால் வருபவர் தாமதமாக உணரச் செய்யும்.

நிறம், ஸ்டிக்கர், பதிவெண் பலகை

வினைல் ரேப் என்பது காரின் பெயின்ட் மேல் ஒட்டப்படும் நிறமுள்ள பிளாஸ்டிக் உறை. சில ஆண்டுகள் கழித்து உரித்துவிடலாம் என்பது இதன் நன்மை. ஆனால் காரின் நிறம் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்ட விவரம் என்பதால், முழுக் காரின் நிறத்தையும் மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுச் சான்றில் பதிய வேண்டும். ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சை நிறம் தனியார் வாகனங்களுக்குத் தடை செய்யப்பட்டுள்ளது.

பதிவெண் பலகை அலங்காரத்துக்கான இடம் அன்று. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். காரில் எழுத்தின் உயரம் 65 மி.மீ., தடிமன் 10 மி.மீ., இடைவெளி 10 மி.மீ. என விதி வரையறுக்கிறது. விபத்து செய்துவிட்டு நிற்காமல் போகும் வாகனத்தைச் சாட்சி அடையாளம் காண்பது இப்பலகையைக் கொண்டே. தனியார் வாகனங்களில் காவல், ஊடகம், வழக்கறிஞர் போன்ற ஸ்டிக்கர்களை ஒட்டுவோர் மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. காரின் முன்னே தேசியக் கொடி பறக்கவிடும் உரிமையும், கொடி விதிமுறையில் குறிப்பிட்ட பதவிகளில் இருப்போருக்கு மட்டுமே உரியது.

பொருத்தும் முறை

ஒட்டுவது, திருகுவது என இரு முறைகள் உள்ளன. தொழிற்சாலையில் கார்த் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சும் அதன் மேல் பெயின்ட்டும் படிப்படியாகப் பூசப்படுகின்றன. ஒரு துணைப்பொருளுக்காகத் துளையிடும்போது அத்தனை அடுக்குகளும் அறுபட்டு வெற்று இரும்பு வெளிப்படும். ஈரம் தங்கினால் துரு அங்கிருந்து பெயின்ட்டின் அடியிலேயே பரவும். ஆகவே துளையிடாமல் ஏற்கெனவே உள்ள துளைகளிலோ, இருபுறமும் பசையுள்ள நுரை நாடாவிலோ பொருந்தும் பொருளைத் தேர்வது நல்லது.

ஒட்டும் இடத்தைக் கழுவி உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெழுகும் எண்ணெயும் இல்லாமல் செய்ய வேண்டும். நாடாவின் முழுமைக்கும் சீரான அழுத்தம் தர வேண்டும். தரமான அக்ரிலிக் நுரை நாடா முழு வலுப்பெற 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய அன்றே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதுதான் பட்டைகள் உரிந்து வருவதற்கு ஒரு பொதுவான காரணம். மின்சாரத் துணைப்பொருளானால், காரின் ஒயரை வெட்டி ஒட்டுப்போடாமல், தனி ஃபியூஸும் ரிலேயும் உள்ள இணைப்பைக் கேட்டுப் பெற வேண்டும். ஒட்டுப்போட்ட ஒயர் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. டோர் வைசர், பீடிங் போன்ற எளிய பொருட்கள் பதிவு விவரங்களைத் தொடுவதில்லை.

வெளியே வாங்கிப் பொருத்திய பொருளைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால், அது திருடுபோனாலோ உடைந்தாலோ இழப்பீடு கிடைக்காது. மின்சாரத் துணைப்பொருட்களுக்கு வழக்கமாக அவற்றின் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் செலுத்திக் காப்பீடு பெறலாம். காரின் அடிப்படை அமைப்பை மாற்றிவிட்டுத் தெரிவிக்காமல் இருந்தால், விபத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையே சிக்கலாகலாம். மேலும், ஒயரை வெட்டிய பகுதியில் பின்னர் பழுது ஏற்பட்டால் நிறுவனத்தின் உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

தேர்வு செய்யும்போது

ஒரு துணைப்பொருளை வாங்கும் முன் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. இது ஓட்டுநரின் பார்வையையோ, விளக்கையோ, உணர்வியையோ, பதிவெண்ணையோ மறைக்கிறதா?
2. மோதல் நேர்ந்தால் இது உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் என்ன செய்யும்?
3. வேண்டாம் என்றால் தடயமின்றிக் கழற்ற முடியுமா?
4. பதிவுச் சான்றில் உள்ள ஏதேனும் ஒரு விவரம் இதனால் மாறுகிறதா?

முதல் கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் ‘இல்லை’ என்றும், மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றும் விடை வந்து, இரண்டாவது கேள்வியில் தீங்கு இல்லை என்று தெரிந்தால், எஞ்சியிருப்பது அவரவர் ரசனையும் பணமும் மட்டுமே. செலவுக்குத் தயங்குவோருக்குச் சிறந்த தொடக்கம், காரை நன்றாகக் கழுவி, மங்கிய முகப்பு விளக்கைப் பாலிஷ் செய்து, பெயின்ட்டுக்கு மெழுகு பூசுவதே. அதற்குப் பிறகு பார்த்தால், வாங்க நினைத்த பொருட்களில் சில தேவையற்றவையாகத் தோன்றக்கூடும்.